இன்சுலினும் இல்லறத்தார் நோன்பும்

ஏலாதி, சிறுபஞ்சமூலம் ஆகிய நீதி நூல்களை நமக்கு அளித்த கணிமேதாவியாரும் காரியாசானும் சமணச் சான்றோர்கள். அறம் உரைக்கும் நூல்களுக்கு மருந்தின் பெயரைச் சூட்டியவர்கள் அவர்கள். ஆகார தானம், அபய தானம், சாத்திர தானம் ஆகியவற்றோடு ஔடத தானத்தையும் ஒருங்கு வைத்து எண்ணுவது நம் மரபு. ஆகவே, மருந்து நம் சமயத்துக்குப் புறம்பான பொருளன்று. எனினும் ஒரு மருந்து பிறிதோர் உயிரின் உடலிலிருந்து எடுக்கப்பட்டதாயின், அதனைச் சிராவகர் ஏற்கலாமா என்னும் வினா எழுகின்றது. நம் இல்லங்களில் இவ்வினா பெரும்பாலும் நீரிழிவு நோயை முன்னிட்டே எழுந்திருக்கின்றது.

எங்கள் குடும்பப் பெரியவர் ஒருவரிடம் 1980ஆம் ஆண்டுகளில், இனி மாத்திரை போதாது, இன்சுலின் ஊசி தேவை என்று மருத்துவர் கூறினார். "அது எதிலிருந்து எடுக்கப்படுகிறது, ஐயா?" என்று பெரியவர் கேட்டார். மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து என்று மருத்துவர் உள்ளதை உள்ளபடி கூறினார். பெரியவர் கைகூப்பி விடைபெற்று வந்துவிட்டார். பின்னர்க் காலில் வந்த புண் ஆறாமல் இரண்டு விரல்களை இழந்தார். அதன் பின் கண் பார்வையும் மங்கிற்று. அவரை அறியாமை உடையவர் என்று வீட்டு இளைஞர்கள் பேசினர். நான் அவ்வாறு கருதவில்லை. அவர் கேட்ட வினா சரியானது. பெற்ற விடையும் அந்நாளில் சரியானதே. ஆனால் விடை மாறிவிட்ட பிறகும், அதே அச்சம் நம் வீடுகளில் மாறாமல் நிற்கின்றது. அதனால்தான் இக்கட்டுரையை எழுத நேர்ந்தது.

கணையத்தின் பணி

இரைப்பைக்குப் பின்புறம் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குக் கிடக்கும் உறுப்பு கணையம். அதனுள் தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் உயிரணுத் திட்டுகளை 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானிய மாணவர் கண்டு எழுதினார். அவை என்ன செய்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. அத்திட்டுகளில் சுரந்து நேரே இரத்தத்தில் கலக்கும் ஹார்மோனே இன்சுலின் என்பது பின்னரே விளங்கிற்று.

நாம் உண்ணும் சோறும் கேழ்வரகும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேர்கின்றன. அச்சர்க்கரை தசைக்குள்ளும் கொழுப்புத் திசுவுக்குள்ளும் புக இன்சுலின் வழி திறக்கின்றது. கல்லீரல் தன் இருப்பிலிருந்து மேலும் சர்க்கரையை வெளியிடாதவாறு தடுப்பதும் அதுவே. இன்சுலின் அறவே இல்லாதபோது, இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தும் உடல் பட்டினி கிடக்கின்றது. கொழுப்பை அளவின்றி எரிக்கத் தொடங்குவதால் இரத்தம் அமிலத் தன்மை அடைந்து உயிருக்கே ஆபத்து நேர்கின்றது. பெரும்பாலும் சிறு வயதில் தொடங்கும் முதல் வகை நீரிழிவு இத்தகையது. நம்மில் பலருக்கு உள்ள இரண்டாம் வகையில் இன்சுலின் சுரக்கின்றது. ஆனால் உடல் அதன் சொல்லை முழுமையாகக் கேட்பதில்லை. நாளடைவில் கணையமும் சோர்ந்து போகின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் துணையோடு சென்னை ஆய்வாளர்கள் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என அது கணித்தது. நம் சமுதாயம் இதற்கு விலக்கன்று. ஊன் உண்ணாமையால் மட்டும் இந்நோய் அணுகாது என எண்ணுவோர் நம்மிடையே உளர். பச்சரிசிச் சோறும் வெல்லமும் நெய்யும் ஊன் அல்ல என்பது உண்மையே, ஆயினும் கணையத்துக்கு அவை சுமையே.

பட்டினியே மருந்தாயிருந்த காலம்

1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்நாய்க்கு நீரிழிவு உண்டாயிற்று. நோயின் வேர் கணையத்தில் உள்ளது என்பது இவ்வாறு புலனாயிற்று. இதனை நாம் மனம் நோகாமல் படித்தல் இயலாது. இவ்வறிவு முழுவதும் உயிர்வதையின் வழியே வந்தது என்பதை மறைப்பதும் முறையன்று.

நோயின் வேரை அறிந்த பின்னும் முப்பது ஆண்டுகள் மருந்து இல்லை. அமெரிக்காவில் பிரடெரிக் ஆலன் என்னும் மருத்துவர், நோயாளியின் உணவை மிகக் கடுமையாகக் குறைத்து அவர் ஆயுளைச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ நீட்டி வந்தார். அந்நாட்டு வெளியுறவு அமைச்சராக இருந்த சார்லஸ் எவான்ஸ் ஹியூஸ் என்பவரின் மகள் எலிசபெத் இம்முறையில் வாழ்ந்தவர். 1922ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஏறக்குறைய 15 வயதில், அப்பெண்ணின் எடை 20 கிலோ அளவே இருந்தது. நோன்பின் பெருமையை அறிந்த நாம் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அது ஆன்ம நலன் கருதித் தானே ஏற்ற தவம் அன்று. வேறு வழியின்மையால் வந்த பட்டினி.

வழி கனடாவின் டொராண்டோ நகரில் பிறந்தது. 1921ஆம் ஆண்டுக் கோடையில் பிரடெரிக் பான்டிங் என்னும் இளம் அறுவை மருத்துவரும், சார்லஸ் பெஸ்ட் என்னும் மாணவரும், பேராசிரியர் மக்ளியோடின் ஆய்வுக்கூடத்தில் நாய்களிடம் சோதனை செய்து கணையச் சாற்றைப் பிரித்தனர். பின்னர் இறைச்சிக் கூடங்களிலிருந்து மாட்டுக் கணையத்தைப் பெற்றனர். கோலிப் என்னும் வேதியியலார் அச்சாற்றைத் தூய்மை செய்தார். 1922 ஜனவரி 11ஆம் நாள் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாறு தூய்மையாக இல்லாமையால் பயன் சிறிதே. ஜனவரி 23ஆம் நாள் கோலிப் தூய்மை செய்த சாறு செலுத்தப்பட்டது, சிறுவன் பிழைத்தான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். எலிசபெத் ஹியூஸ் அவ்வாண்டே டொராண்டோ சென்று ஊசி பெற்று, 1981 வரை வாழ்ந்தார். இக்கண்டுபிடிப்பின் உரிமையை 1 டாலர் விலைக்குப் பல்கலைக்கழகத்துக்கே அளித்துவிட்டனர் என்பதையும் கூற வேண்டும். ஔடத தானம் என்று நாம் எதைச் சொல்கின்றோமோ, அதற்கு இது மிக அருகில் நிற்கின்றது.

ஆனால் மருந்தின் மூலமோ கொல்லப்பட்ட விலங்குதான். 8 அவுன்சு இன்சுலின் பெற, அதாவது கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவான அளவு பெற, இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட பன்றிக் கணையம் தேவைப்பட்டது என்பர். அறுபது ஆண்டுகள் உலகம் இவ்வாறே இன்சுலினைப் பெற்றது. எங்கள் பெரியவர் கைகூப்பி எழுந்து வந்தது இக்காரணத்தால்தான்.

விடை மாறிய வரலாறு

இன்சுலின் எவ்வாறு கட்டப்பட்டுள்ளது என்பதை அறிந்ததே இதில் திருப்பமாகும். கேம்பிரிட்ஜில் பிரடெரிக் சாங்கர், அது 51 அமினோ அமிலங்களைக் கொண்ட புரதம் என்பதையும், அவை கோக்கப்பட்டுள்ள வரிசையையும் 1955க்குள் முற்றாகக் கண்டறிந்தார். அதற்காக 1958இல் நோபல் பரிசு பெற்றார். மனிதரின் இன்சுலினுக்கும் பன்றியின் இன்சுலினுக்கும் ஓர் அமினோ அமிலமே வேறுபாடு; மாட்டினுடையதற்கு மூன்று. உயிர்கள் அனைத்தும் உறவு என்னும் எண்ணத்தோடு வளர்ந்தவர்களுக்கு இது வியப்பளிக்கும் செய்தியன்று.

வரிசை தெரிந்துவிட்டால், அதனைக் கட்டும் மரபணுவை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கலாம். 1978இல் கலிபோர்னிய விஞ்ஞானிகள் அவ்வாறு உருவாக்கிய மரபணுவை ஒரு வகைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தினர். பாக்டீரியா மனித இன்சுலினை உற்பத்தி செய்தது. 1982இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஒப்புக்கொண்டது. பின்னர் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரிலும் அவ்வாறே செய்தனர். இந்திய நிறுவனங்கள் 2003, 2004 ஆண்டுகளில் தம் சொந்த உற்பத்தியை விற்பனைக்குக் கொண்டு வந்தன. இன்று நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் இன்சுலின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கப்பட்டதன்று. குப்பியின் மேல் 'மனித இன்சுலின்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு, மனித உடலிலிருந்து எடுத்ததோ என்று அஞ்சிய தாய்மாரும் உண்டு. மனித உடலில் சுரப்பதை ஒத்தது என்பதே அதன் பொருள்.

பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் உயிர்களல்லவா என்று கேட்பவர் கேட்கலாம். நியாயமான வினாவே. ஆயினும் ஓரறிவுயிருக்கும் ஐயறிவுயிருக்கும் நம் ஆகமங்கள் வேறுபாடு கூறுகின்றன. இல்லறத்தான் முற்றாக விலக்க வேண்டியது சங்கல்ப இம்சை, அதாவது கொல்லும் நோக்கத்தோடு செய்யும் கொலை. சமைத்தலிலும் உழவிலும் தொழிலிலும் நேர்வதை அவன் இயன்ற மட்டும் குறைத்துக்கொள்கின்றான். தயிர் உறைவதும் இட்லி மாவு புளிப்பதும் நுண்ணுயிர்களாலேயே அன்றோ?

இன்னும் ஒரு செய்தி. இதனை மருத்துவர்கள் கேட்டாலன்றிக் கூறுவதில்லை. இன்சுலின் குப்பிகளுள் சில தெளிந்த நீர் போலவும், சில பால் கலந்தது போலக் கலங்கலாகவும் இருக்கும். கலங்கலானவற்றில் மருந்து மெல்ல மெல்லக் கரைவதற்காகப் புரோட்டமின் என்னும் புரதம் சேர்க்கப்படுகின்றது. 1930ஆம் ஆண்டுகளில் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஹாகடோர்ன் கண்ட முறை அது. புரோட்டமின் மீன்களின் விந்திலிருந்து எடுக்கப்படுவது. நம் நாட்டில் மிகுதியாக எழுதித் தரப்படும் 30-70 கலவை இன்சுலினிலும் இது உண்டு. தெளிந்த வகைகளில் இல்லை. நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின் போன்ற தெளிந்த இன்சுலின்களும் இப்போது உள்ளன. விலைதான் சற்றுக் கூடுதல். ஆகவே இன்று சிராவகர் மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினா, "இன்சுலின் வேண்டுமா, வேண்டாவா?" என்பதன்று; "எனக்குத் தெளிந்த வகையாகவே தர இயலுமா?" என்பது. விடை கிடைக்கும் வரை கையில் உள்ள குப்பியை நிறுத்திவிடுதல் கூடாது. ஒரு வகைக்கு உரிய அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. மாற்றுவதை மருத்துவரே செய்தல் வேண்டும்.

ஊசியை மறுத்து உயிர் துறப்பதைச் சல்லேகனையோடு ஒப்பிட்டுச் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். இது தவறான ஒப்பீடு. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தின கரண்ட சிராவகாசாரத்தில், நேர்ந்த இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவை விலக்க முடியாதனவாக இருக்கும்போதே சல்லேகனையைக் கூறுகின்றார். 1922க்கு முன் முதல் வகை நீரிழிவு அத்தகைய நோயே. இன்று அவ்வாறன்று. மாற்று உள்ள நோயை மாற்றற்றதாகக் கொண்டு உடலை விடுதலுக்கு ஆசாரியரின் சொல்லில் இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அறிஞர்கள் வேறு கருத்துடையவராயின் எழுதலாம்.

தைராய்டு சுரப்பியின் கதையும் இதுவே. 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே ஆட்டின் தைராய்டு சாற்றைக் கொண்டு ஒரு பெண்மணியைக் காத்தார். 1927இல் அதன் ஹார்மோனை வேதிப் பொருள்களிலிருந்தே தொகுத்துச் செய்யும் முறை வந்தது. நம் சகோதரிகள் பலர் நாள்தோறும் காலையில் விழுங்கும் தைராக்சின் மாத்திரையின் ஹார்மோன் அவ்வாறு செய்யப்படுவது. மருந்து அடைக்கும் ஜெலட்டின் உறை மட்டும் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து வருவது. அதே மருந்து மாத்திரை வடிவில் உண்டா என்று கடையில் கேட்கலாம்.

கதிரவன் மறையுமுன் உண்ணல்

இரவு உண்ணாமை சீவதயையின் பொருட்டு ஏற்பட்ட விரதம். அதனை அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்று மேடைதோறும் முழங்குவது எனக்கு உடன்பாடன்று. அறிவியல் நாளை வேறு கூறினால் விரதத்தை விட்டுவிடுவோமா? எனினும் ஆய்வுச் செய்தியை அறிந்து கொள்வதில் தவறில்லை. ஒரே அளவு உணவு காலையில் உண்டால் இரத்தச் சர்க்கரை குறைவாகவும், இரவில் உண்டால் மிகுதியாகவும் ஏறுகின்றது. 2018இல் அமெரிக்காவின் அலபாமாவில் நீரிழிவின் விளிம்பில் இருந்த ஆடவரை 5 வாரம், நாளின் முற்பகுதியில் 6 மணி நேரத்துக்குள் மட்டும் உண்ணச் செய்தனர். இரவு உணவையும் பிற்பகல் 3 மணிக்கு முன்னரே முடித்தனர். உடல் எடை குறையாமலேயே இன்சுலின் நன்கு வேலை செய்தது. இரத்த அழுத்தமும் தணிந்தது. ஆய்வில் இருந்தவர் 8 பேரே என்பதையும் மறவாமல் குறிக்க வேண்டும்.

நோன்பு நாள்களில் நேரும் இடர்

இரவு உண்ணாமையை நீரிழிவு உடையவரும் மருந்து வேளையை மாற்றி அமைத்துக் கொண்டு கடைப்பிடிக்கலாம். உபவாசம் அவ்வாறன்று. உத்தமமான பிரோஷத உபவாசம் 16 யாமம், அதாவது 48 மணி நேரம். நீரும் அருந்தாதவர் பலர். நம் நோன்பு பற்றிய பெரிய ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் இஸ்லாமியர் ரமலான் நோன்பு நோற்பதை 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளிடம் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டனர். இரண்டாம் வகை நோயாளிகளிடையே, சர்க்கரை மிகத் தாழ்ந்து பிறர் உதவியும் மருத்துவமனையும் தேவைப்பட்ட நிலை, நோன்பு மாதத்தில் மற்ற மாதங்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் பெருகியது. அவர்கள் பகலில் மட்டும் உண்ணாதிருப்பவர். நமது நோன்போ அதனினும் நீண்டது.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் உணவு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தைச் சுரக்கச் செய்வன. அவற்றை வழக்கம் போல் விழுங்கிவிட்டு உபவாசம் இருப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் தோன்றும். பின்னர்ப் பேச்சுக் குழறும். உடனிருப்போர் இதனைத் தவத்தின் சோர்வு என்று எண்ணி விசிறிக் கொண்டிருப்பர். ஆபத்து இங்கேதான் உள்ளது. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுத்து, கால் மணி கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது; மருத்துவமனைக்கே கொண்டு செல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. "இன்று உணவில்லை, ஆகவே ஊசியும் இல்லை" என்று முதல் வகை நோயாளி நிறுத்திவிட்டால், முன்னே கூறிய அமில நிலை ஓரிரு நாள்களிலேயே வந்துவிடும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதிய மாத்திரைகளை உண்போர், நீரும் அருந்தாமல் நோன்பிருந்தால், இரத்தச் சர்க்கரை மிகுதியாக ஏறாமலேயே அந்நிலை வரக்கூடும். மெட்பார்மின் மட்டும் உண்போருக்குச் சர்க்கரை தாழும் அச்சம் குறைவு. எவராயினும் தசலட்சண பர்வத்துக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு, எத்தனை நாள், எத்தனை மணி நேரம், நீர் உண்டா இல்லையா என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். நம் உபவாசம் எப்படிப்பட்டது என்பது பல மருத்துவர்களுக்குத் தெரியாது. பழச்சாறு அருந்தும் விரதம் என்று எண்ணிக்கொள்வர். சிறுநீரகமும் இதயமும் பழுதுற்றோர், சர்க்கரை அடிக்கடி தாழ்பவர், கருவுற்ற தாய்மார் ஆகியோருக்கு மருத்துவர் மறுத்துவிடின் அதனை ஏற்பதே தக்கது.

மறுக்கப்பட்டவர் மனம் வருந்துவர் என்பதை அறிவேன். எங்கள் தெருவில் ஒரு மூதாட்டியார், நாற்பது ஆண்டுகளாக நோற்ற பத்து நாள் உபவாசத்தை விட நேர்ந்தபோது, ஜினாலயத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். அவரிடம் நான் கூறியதையே இங்கும் கூறுகிறேன். சோடசகாரண பாவனைகளுள் ஒன்று சக்திக்கேற்ற தவம். ஆற்றலை மறைத்தலும் கூடாது, மிஞ்சுதலும் கூடாது. புறத் தவங்கள் ஆறனுள் அனசனம் ஒன்றே அன்று. வயிறு நிறையுமுன் எழுந்துவிடும் அவமோதர்யம் உண்டு. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகிய சுவைகளுள் இயன்றதைத் துறக்கும் ரச பரித்தியாகமும் உண்டு. இனிப்பைப் பத்து நாள் துறப்பது நீரிழிவு உடையவருக்கு எளிதன்று என்பதை அந்நோய் உடையவரே அறிவர். இரண்டாம் நாளே அம்மூதாட்டியார் ஆலயத்துக்கு வந்து, இனிப்பையும் நெய்யையும் துறந்து, வேளைக்கு ஒரு பிடி குறைத்து உண்பதாக விரதம் ஏற்றார்.

பாரணை நாளையும் குறிப்பிட வேண்டும். உபவாசம் முடித்தவருக்கு அன்போடு சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் பரிமாறுவது நம் வீடுகளில் வழக்கம். நோன்பு நாளில் மருந்தைக் குறைத்திருப்பவருக்கு அன்று சர்க்கரை 300க்கு மேல் ஏறிவிடுகின்றது. பயற்றங்கஞ்சி, மோர், சிறிதளவு சோறு, காய் என்று தொடங்கி, குறைத்த மருந்தை அன்றே பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டுமா என்பதை நோன்புக்கு முன்னர் மருத்துவரிடம் சென்றபோதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அத்தாளை நோன்பிருப்பவரிடம் கொடுக்காமல், வீட்டில் சமைப்பவரிடம் கொடுத்து வைக்கலாம்.